ஸ்பார்க்ஸ்டேஷன் 5: ஃபேன் ஓடுது, திரை கருப்பு, டிசைன் பூராவும் உள்ளே மாட்டிக்கிட்டிருக்கு

சென்னிமலைத்தறி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க தறிகுடோன் டிசைன் ரூம்ல ஒரு சன் ஸ்பார்க்ஸ்டேஷன் 5 கம்ப்யூட்டர் இருக்குதுங்க. எங்கய்யன் ஜக்கார்டு பெட்ஷீட் டிசைன் போடறதுக்குன்னு வாங்குனது. தட்டையான பெட்டி, மேல 20 இஞ்ச் சன் மானிட்டர், டைப் 5 கீபோர்டு, உள்ள சோலாரிஸ் 2.5.1 (சன்னோட ஆபரேட்டிங் சிஸ்டம்). ரொம்ப வருசமா மூடியே கிடந்துச்சு.

இப்ப பவர் போட்டா ஃபேன் ஓடுது. கீபோர்டுல கேப்ஸ் லாக் விளக்கு விட்டு விட்டு மின்னுது, கொஞ்ச நேரத்துல நின்னுருது. மானிட்டர்ல பவர் லைட் எரியுது, ஆனா திரை கருப்பு. ஒருக்கா அப்படியே விட்டுட்டுச் சாப்பிட்டு வந்து பாத்தா, வெள்ளைத் திரையில கருப்பு எழுத்து வந்திருந்துச்சு. ஐடிப்ராம் செல்லாதுன்னு ஒரு வரி. அதுக்குக் கீழ ஆர்ப் பாக்கெட்டுக்குக் காத்திருந்து டைம்-அவுட்டுன்னு வரி வரியா ஓடிட்டே இருந்துச்சு. மறுக்கா அணைச்சுப் போட்டா மறுபடியும் கருப்பு.

இங்க வந்து பாத்தவங்க மதர்போர்டு போச்சு, எடைக்குப் போட்ருங்கன்னு சொல்றாங்க. எனக்கு மனசு வரலைங்க. பழைய பார்ட்டி ஒருத்தரு அதே பார்டர் டிசைன மறுபடியும் கேக்கறாரு. கிராஃப் பேப்பரெல்லாம் செல்லரிச்சுப் போச்சு, ஜக்கார்டு அட்டை பாதிக்கு மேல இல்லை. இருந்தா இந்த டிஸ்க்குல மட்டுந்தான் இருக்கணும். எதுல ஆரம்பிக்கறதுன்னு யாராச்சும் சொல்லுங்க.


பீளமேடு_சர்வர் எழுதியது:

மதர்போர்டு போகலீங்க. நீங்க எழுதுனதுலயே அதுக்கு ஆதாரம் இருக்கு. கேப்ஸ் லாக் விளக்கு மின்னுதுன்னா போஸ்ட் பரிசோதனை, அதாவது பவர் போட்டதும் மெஷின் தன்னையே சோதிக்கறது, நடக்குதுன்னு அர்த்தம். நின்னுச்சுன்னா அது முடிஞ்சுது. அப்புறம் வெள்ளைத் திரையில எழுத்து வந்துச்சுன்னா ப்ராசஸர், மெமரி, கிராஃபிக்ஸ் கார்டு, மானிட்டர் நாலுமே உசுரோட இருக்கு. பேசறது ஓபன்பூட், அதாவது இந்த மெஷினோட ஃபர்ம்வேர். அது தெளிவாவே பேசுது. அந்தப் பேச்சை நாம கேக்கற இடந்தான் சரியில்லை.

நான் 90-கள்ல கோயமுத்தூர்ல ஒரு காலேஜ் லேப்ல இதே மாடலைப் பாத்துக்கிட்டவன். சன் மெஷின்ல திரையை நம்பி வேலை பாக்கக்கூடாது. சீரியல் கன்சோலைத்தான், அதாவது சீரியல் கேபிள் வழியா வேற கம்ப்யூட்டர்ல செய்தியைப் படிக்கறதைத்தான் நம்பணும். டயக்-ஸ்விட்ச்-னு ஒரு செட்டிங் இருக்கு. அது ட்ரூன்னு இருந்தா பரிசோதனைச் செய்தி எல்லாம் சீரியல் போர்ட் ஏ-வுக்குப் போயிரும். அதுவரைக்கும் திரை கருப்பாத்தான் இருக்கும். அதுவும் நீண்ட பரிசோதனைங்க, முழு மெமரியையும் தடவிப் பாக்கும். முடிஞ்சதும் டிஸ்க்கை விட்டுட்டு நெட்வொர்க்குல பூட் ஆகப் பாக்கும். உங்க ஆர்ப் டைம்-அவுட், அதாவது நெட்வொர்க்குல பதில் வராம நிக்கறது, அங்கதான் வருது. கருப்புத் திரையும் பூட் ஆகாததும் ஒரே காரணத்துலதான் வருதுங்கறது என் கணிப்பு.

செய்ய வேண்டியது இதுதான். பவரை அணைச்சுட்டு கீபோர்டைக் கழட்டுங்க. பவர் இருக்கும்போது கழட்டவே கழட்டாதீங்க. மெஷின் பாதியில நின்னு ஓகே ப்ராம்ப்டுக்கு (ஓபன்பூட் கமாண்டு கேக்கற இடம்) விழுந்துரும், கீபோர்டு ஃப்யூஸும் போக வாய்ப்பிருக்கு. கீபோர்டு இல்லாம பவர் போட்டா ஓபன்பூட் தானாவே போர்ட் ஏ-வைக் கன்சோலா எடுத்துக்கும். பின்னால இருக்கற 25 பின் சாக்கெட்டுல நல்-மோடம் கேபிள் (அனுப்பற, வாங்கற வயர் குறுக்கா மாறியிருக்கறது) போட்டு, யூஎஸ்பி சீரியல் வழியா உங்க லேப்டாப்புல புட்டிங்கற டெர்மினல் சாஃப்ட்வேரைத் திறங்க. 9600, 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். சாதா நேர் கேபிள் ஆகாது, நல்-மோடமான்னு பாத்து வாங்குங்க.

எதையும் டைப் பண்ண வேண்டாம். என்ன வருதோ அதை அப்படியே இங்க போடுங்க.


கோபி_சால்டர் எழுதியது:

சார் சொல்றது சரி. ஆனா மானிட்டரைப் பத்தி நான் ஒண்ணு சொல்லிக்கறேன் தம்பி, அதை லேசா எடுத்துக்காதீங்க. நான் கோபியில டிவி மெக்கானிக்கா இருந்தவன், ட்யூப் டிவி காலத்து ஆளு.

ரொம்ப வருசம் கரண்டே பாக்காத 20 இஞ்ச் ட்யூபை நேரா 230 வோல்ட்டுல போட்டுப் போட்டு அணைக்கறது நல்லதில்லை. உள்ள இருக்கற எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரெல்லாம் காஞ்சிருக்கும். மொதல்ல ஒரு 200 வாட் குண்டு பல்பை சீரிஸ்ல போட்டுக் குடுங்க. போட்டதும் ஒரு பளிச், டிகாஸ் காயிலுக்குக் கரண்டு போறது அது, அப்புறம் பல்பு மங்கிருச்சுன்னா ஷார்ட் இல்லை. முழு வெளிச்சத்துலயே நின்னா உடனே அணைச்சுருங்க. எஸ்எம்பிஎஸ்ல ஷார்ட்.

மூடியை மட்டும் நீங்களா கழட்டாதீங்க. இந்த சைஸ் கலர் ட்யூப்ல அனோட் கேப்புக்குக் கீழ 25,000 வோல்ட் வரைக்கும் இருக்கும், பிளக்கைப் பிடுங்குனதுக்கப்புறமும் தங்கி இருக்கும். எர்த் பண்ணி இறக்கத் தெரிஞ்ச ஆளைத்தான் கைவைக்க விடணும்.

இன்னொண்ணு. அந்த மானிட்டரைச் செஞ்சது சோனி, ட்ரினிட்ரான் ட்யூப். வெள்ளைத் திரையில குறுக்கால ரெண்டு மெல்லிசு நிழல் கோடு தெரியும். கிரில்லு அதிராம இருக்கறதுக்குக் கட்டுன கம்பியோட நிழல் அது. கோளாறுன்னு நினைச்சு யாரும் அதுக்குக் காசு வாங்கீறக் கூடாது.

தறி ஓடற லைன்லயே இதை மாட்டாதீங்க. மோட்டார் ஸ்டார்ட் ஆகறப்ப வர்ற இறக்கம் இதுக்கு ஆகாது. தனி லைன், நல்ல எர்த், முடிஞ்சா யூபிஎஸ்.


ஆழியாறு_பிட் எழுதியது:

அண்ணா, ஸ்பார்க்ஸ்டேஷன் 5 அருமையான மெஷின். நெட்பிஎஸ்டிங்கற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் இன்னமும் இதுக்கு வருது. ஓபன்பிஎஸ்டி மட்டும் 5.9-ஓட 32 பிட் ஸ்பார்க்கை நிறுத்திருச்சு. டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்டி கார்டு வெக்கற ஸ்கஸி (இந்த மெஷினோட டிஸ்க் இணைப்பு முறை) போர்டு ஒண்ணு போட்டுப் புதுசா நெட்பிஎஸ்டி ஏத்திட்டா சுத்தமா ஓடும். பழைய சோலாரிஸை வெச்சு ஏன் சிரமப்படணும்?


கரூர்_கிராஃப் எழுதியது:

தம்பி, நீங்க சொல்றது மெஷின் ஓடறதுக்கு. இங்க கேக்கறது மெஷின் இல்லைங்க, டிசைன்.

நான் கரூர்ல ஹோம் டெக்ஸ்டைல் கம்பெனியில அந்த மாதிரி சாஃப்ட்வேர்லதான் வேலை பழகுனேன். அதுல ஒரு பார்டர் முடிக்கறதுக்கு நாலஞ்சு நாள் ஆகும். பாவு ஒவ்வொண்ணும் ஊடை ஒவ்வொண்ணும் புள்ளி புள்ளியா வெச்சு, எந்த இடத்துல சாட்டின், எந்த இடத்துல ட்வில்லுன்னு நெசவு குடுத்து, மிதப்பு நீளமாகாம கட்டு வெச்சுப் பாத்துப் பாத்துச் செய்யறது. துணியை ஸ்கேன் பண்ணி எடுத்துக்கலாமேன்னு சிலரு சொல்லுவாங்க. துவைச்ச துணி சுருங்கியிருக்கும், நூல் நகர்ந்திருக்கும். அதுல இருந்து நெசவை எடுக்கறதுக்குப் புதுசாவே போட்ருலாம்.

அந்தக் கோப்பு அந்த சாஃப்ட்வேர்லதான் திறக்கும். அந்த சாஃப்ட்வேர் லைசென்ஸோட மெஷினைப் பூட்டி வெச்சிருக்கும். அதனால சோலாரிஸும் வேணும், அந்த மெஷினோட அடையாள நம்பரும் வேணும். சென்னிமலைத் தம்பி, உங்கய்யன் வெச்ச ஃபைல்ல லைசென்ஸ் பேப்பர் ஏதாச்சும் இருக்கான்னு தேடுங்க. ஒரு துண்டுக் காகிதமா இருந்தாலும் சரி, தூக்கிப் போட்றாதீங்க.


சென்னிமலைத்தறி எழுதியது:

கேபிள் வாங்கியாச்சுங்க. சார் சொன்னாப்புல கீபோர்டைக் கழட்டிட்டுப் போட்டேன். அப்படியே கொட்டுதுங்க! திரை கருப்பா இருக்கற நேரம் பூரா இங்க வரி ஓடிட்டே இருக்கு. மெமரி டெஸ்ட் எல்லாம் பாஸ். கடைசியில வந்தது:

ஸ்பார்க்ஸ்டேஷன் 5, நோ கீபோர்டு.
ஈதர்நெட் அட்ரஸ் எஃப்எஃப்:எஃப்எஃப்:எஃப்எஃப்:எஃப்எஃப்:எஃப்எஃப்:எஃப்எஃப்.
ஹோஸ்ட் ஐடி எஃப்எஃப்எஃப்எஃப்எஃப்எஃப்எஃப்எஃப்.
ஐடிப்ராம் கன்டென்ட்ஸ் ஆர் இன்வேலிட்.

அதுக்கப்புறம் பூட் டிவைஸ் நெட்டுன்னு சொல்லிட்டு அதே டைம்-அவுட்டு. லைசென்ஸ் பேப்பர் தேடிப் பாத்தேனுங்க அக்கா, கிடைக்கலை. பில்லு மட்டும் இருக்கு, அதுல நம்பர் ஒண்ணும் இல்லை. வித்த கம்பெனியும் இப்ப இல்லை.


பீளமேடு_சர்வர் எழுதியது:

இதைத்தான் எதிர்பாத்தேன். பேட்டரி தீர்ந்து போன என்வி-ராம்.

மதர்போர்டுல சாக்கெட்டுல செருகுன 28 கால் சிப் ஒண்ணு இருக்கும். மத்த சிப்பை விட உசரமா, மேல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். எம்48டி08, எஸ்டி கம்பெனியோட டைம்கீப்பர். 8 கிலோபைட் மெமரி, கடிகாரம், லித்தியம் பேட்டரி மூணையும் சேத்து எபாக்ஸியில அடைச்சது. பவரே இல்லாம வெச்சா பேட்டரி 10 வருசம் தாங்கும்னு டேட்டாஷீட் சொல்லும். ஸ்பார்க்ஸ்டேஷன் 5 வந்தது 1994-ல. அப்ப போட்ட சிப் எதுலயும் இன்னைக்குப் பேட்டரி இருக்காது.

அதுக்குள்ள ரெண்டு வகை சங்கதி இருக்கு. ஒண்ணு செட்டிங்: எந்த டிஸ்க்குல பூட் ஆகணும், கன்சோல் எது, டயக்-ஸ்விட்ச் என்ன. பேட்டரி போனா இதெல்லாம் கண்டபடி ஆயிரும், அதனாலதான் உங்களுக்குக் கருப்புத் திரையும் நெட் பூட்டும். இன்னொண்ணு அடையாளம், இதைத்தான் ஐடிப்ராம்னு சொல்லுது: ஈதர்நெட் நம்பரும் (நெட்வொர்க் முகவரி) ஹோஸ்ட் ஐடியும் (மெஷினோட தனி நம்பர்). சன்ல ஈதர்நெட் நம்பர் கார்டுல இல்லை, இந்தச் சிப்புலதான் இருக்கு. உங்க லைசென்ஸ் பாக்கறது ஹோஸ்ட் ஐடியை.

செட்டிங்கைத் திரும்ப வெக்கறது சுலபம். அடையாளத்தை எங்கிருந்து எடுக்கறதுங்கறதுதான் கேள்வி. பேப்பர் இல்லாட்டியும் பரவால்லை. லைசென்ஸ் கோப்பு டிஸ்க்குக்குள்ளயே இருக்கும். அதுல சர்வர்-னு ஆரம்பிக்கற வரியில மெஷின் பேருக்கு அடுத்து ஹோஸ்ட் ஐடி எழுதியிருக்கும். ஈதர்நெட் நம்பர் வார்-ஆட்ம் டைரக்டரியில மெசேஜஸ் கோப்புல இருக்கும், ஒவ்வொரு தடவை பூட் ஆகறப்பவும் சோலாரிஸ் அதை அங்க எழுதி வெச்சிருக்கும். பழைய மெசேஜஸ் கோப்பு 0, 1, 2, 3-ன்னு பின்னொட்டோட கிடக்கும், அதையும் பாக்கணும்.

ஆனா அதைப் படிக்கறதுக்காக இந்த மெஷினை அந்த டிஸ்க்குல பூட் பண்ணக் கூடாது. இதை அழுத்திச் சொல்றேன். சோலாரிஸ் பூட் ஆனாலே டிஸ்க்குல எழுத ஆரம்பிச்சுரும். ஃபைல் சிஸ்டம் சரியா மூடாம இருந்தா எஃப்எஸ்சிகேங்கற சரிபாக்கற ப்ரோகிராம் ஓடி அதுவா வெட்டி ஒட்டும். இத்தனை வருசம் ஓடாத டிஸ்க் எத்தனை தடவை சுத்தும்னு யாருக்கும் உத்தரவாதம் இல்லை. மொதல்ல சுத்தற சுத்துலயே முழுசா பிரதி எடுத்துறணும். மத்ததெல்லாம் பிரதியில.

ஆழியாறு தம்பி, உங்க கையில லினக்ஸ் பழக்கம் இருக்கு. பிரதி எடுக்கற முறையை எழுதுங்களேன்.


ஆழியாறு_பிட் எழுதியது:

சரிங்கண்ணா. அக்கா சொன்னது புரிஞ்சுது, டிஸ்க்கைத் தொடாமத்தான் செய்யணும்.

ஸ்பார்க்ஸ்டேஷன் 5-க்குள்ள இருக்கறது 80 பின் எஸ்சிஏ டிஸ்க். பவர், டேட்டா, ஐடி எல்லாம் ஒரே கனெக்டர்ல. இதைப் பிசியில மாட்டணும்னா பிசிஐ ஸ்லாட் இருக்கற பழைய டெஸ்க்டாப், அடாப்டெக் 2940யூடபிள்யூ மாதிரி 68 பின் ஸ்கஸி கார்டு, 80-லேர்ந்து 68 பின்னுக்கு மாத்தற குட்டி போர்டு வேணும். எஸ்சிஏ டிஸ்க்குல டெர்மினேஷன் கிடையாது. கேபிள் கடைசியில தனி டெர்மினேட்டர் போட்டே ஆகணும். அது இல்லாம போட்டா டிஸ்க் ஒரு நேரம் தெரியும், ஒரு நேரம் தெரியாது, படிக்கறதுல தப்பு வரும். டிஸ்க் கெட்டுப் போச்சுன்னு முடிவு பண்ற பலருக்கு உண்மையில டெர்மினேட்டர்தான் பிரச்சினை.

லினக்ஸ்ல டிடிரெஸ்க்யூங்கற பிரதி எடுக்கற ப்ரோகிராமை ஓட்டுங்க. மொதல் சுத்துல படிக்க முடிஞ்சதை மட்டும் எடுத்துட்டுக் கெட்ட இடத்தைத் தாண்டிப் போகற மாதிரி, அப்புறம் ரெண்டாவது சுத்துல அந்த இடங்களை மட்டும் திரும்பப் பாக்கற மாதிரி. மேப் கோப்பு குடுக்க மறக்காதீங்க, நடுவுல நின்னா விட்ட இடத்துலேர்ந்து தொடரும். 1 இல்லை 2 ஜிபிதான் இருக்கும், ரொம்ப நேரம் ஆகாது.

இமேஜ் வந்ததும் சன் பார்ட்டிஷன் லினக்ஸுக்குப் புரியும். யூஎஃப்எஸ்-னு மவுண்ட் பண்ணுங்க, யூஎஃப்எஸ்-டைப் சன்-னு குடுத்து, ரீட்-ஒன்லியா. டைப் குடுக்காம விட்டா மவுண்ட் ஆகாது.


சென்னிமலைத்தறி எழுதியது:

மெஷினைத் திறந்தேனுங்க. பாத்ததும் ஒரு மாதிரி ஆயிருச்சு. டிஸ்க் உக்காற பக்கம் பூரா பஞ்சு. குடோன்ல பறக்கற பஞ்சுத் தூசிதான், தறி எண்ணெய் கலந்து பழுப்பு நிறத்துல ஃபெல்ட்டுத் துணியாட்ட அமுங்கிக் கிடக்கு. டிஸ்க்கைப் பின்னால இழுத்தேன், அந்த 80 பின் சாக்கெட்டோட பள்ளத்துக்குள்ளயும் அதே பஞ்சு, ஒரு ஓரத்துல பின்னே தெரியலை. ஃபேன் இருக்கற பக்கம் காத்துப் போறதுக்கே வழி இல்லை.

வேக்கூம் வெச்சு உறிஞ்சலாமுங்களா? டிஸ்க் மேல சீகேட்டுன்னும் சன் 2.1ஜி-ன்னும் போட்டிருக்கு. நம்மகிட்ட ஸ்கஸி கார்டெல்லாம் இல்லைங்க.


கோபி_சால்டர் எழுதியது:

வேக்கூம் முனையைப் போர்டு பக்கத்துல கொண்டு போகாதீங்க தம்பி, ப்ளாஸ்டிக் முனையில ஸ்டாட்டிக் சேரும். குடோன் கம்ப்ரஸரும் வேண்டாம், அதுல தண்ணியும் எண்ணெயும் வரும். மெல்லிசான பெயின்ட் பிரஷ், மர ட்வீஸர், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். சாக்கெட்டுல பஞ்சை மொதல்ல காஞ்சபடியே ட்வீஸர்ல உருவி எடுங்க. ஆல்கஹாலை மொதல்லயே விட்டா எண்ணெய் கரைஞ்சு பஞ்சு இன்னும் உள்ள இறங்கும். உருவுனதுக்கப்புறம் பிரஷ்ல தொட்டுத் துடைங்க. கையில எர்த் வயர் கட்டிக்கங்க.


பீளமேடு_சர்வர் எழுதியது:

கார்டு என்கிட்ட இருக்கு. டிஸ்க்கை ஸ்பாஞ்சுல சுத்தி, மடியில வெச்சு பஸ்ல கொண்டு வாங்க. பீளமேட்டுல என் வீட்லயே பாத்துருலாம்.


பீளமேடு_சர்வர் எழுதியது:

தம்பி வந்துட்டுப் போனாருங்க. இங்க காத்திருக்கறவங்களுக்காக விவரம்.

பவர் குடுத்ததும் டிஸ்க் சுத்துச்சு. சத்தம் கொஞ்சம் கரகரப்பு, ஆனா நிதானம். டிடிரெஸ்க்யூ மொதல் சுத்துலயே கிட்டத்தட்ட முழுசும் வந்துருச்சு. படிக்க முடியாம நின்ன செக்டரெல்லாம் ஸ்லைஸ் 1-ல, அது ஸ்வாப் (தற்காலிக மெமரி இடம்), அதுல ஒண்ணும் இல்லை. ரூட், யூஎஸ்ஆர், எக்ஸ்போர்ட்-ஹோம் மூணும் முழுசு. டிசைன் டைரக்டரி எக்ஸ்போர்ட்-ஹோம்ல அப்படியே இருக்கு, அவங்கய்யன் பேர்லயே.

லைசென்ஸ் கோப்பு கிடைச்சுது. சர்வர் வரியில ஹோஸ்ட் ஐடி 80-ல ஆரம்பிக்குது. ஸ்பார்க்ஸ்டேஷன் 5-க்கு மெஷின் டைப் 80, ஸ்பார்க்ஸ்டேஷன் 20-ஆ இருந்திருந்தா 72-ல ஆரம்பிக்கும். அதனால இது இந்த மெஷினுக்கே போட்ட லைசென்ஸ்தான். முடிவுத் தேதியும் இல்லை, பெர்மனென்ட். மெசேஜஸ் கோப்புல ஈதர்நெட் நம்பர் 8:0:20-ல ஆரம்பிச்சு இருக்கு, அது சன் கம்பெனியோட முன்னொட்டு. கடைசி மூணு பைட்டும் ஹோஸ்ட் ஐடியோட கடைசி மூணு பைட்டும் ஒண்ணேதான். ரெண்டு தனித்தனி கோப்பு ஒரே நம்பரைச் சொல்லுது, இதுக்கு மேல சந்தேகம் வேண்டாம்.

இமேஜை எஸ்டி கார்டு ஸ்கஸி போர்டுல ஏத்திக் குடுத்துட்டேன், டார்கெட் 3. அசல் டிஸ்க் இனி அலமாரியில இருக்கட்டும்.

இப்ப அடையாளத்தைத் திரும்ப எழுதற முறை. கமாண்டைத் தமிழ் எழுத்துல போட்டிருக்கேன், நீங்க ஆங்கிலச் சின்ன எழுத்துல அடிங்க. ஓகே ப்ராம்ப்டுல மொதல்ல செட்-டிஃபால்ட்ஸ். அடுத்து செட்என்வ் போட்டு டயக்-ஸ்விட்ச்சை ஃபால்ஸ் ஆக்குங்க, அந்தப் பேருக்குப் பின்னால கேள்விக்குறி உண்டு, விட்றாதீங்க. இனி எம்கேபி, சிப்புல ஒரு பைட் எழுதற கமாண்டு. மொதல்ல மதிப்பு, அப்புறம் இடம், ரெண்டும் ஹெக்ஸ்ல.

1 0 எம்கேபி
80 1 எம்கேபி
8 2 எம்கேபி
0 3 எம்கேபி
20 4 எம்கேபி

அடுத்த 5, 6, 7 மூணு இடமும் ஈதர்நெட் நம்பரோட கடைசி மூணு பைட். 8, 9, ஏ, பி நாலும் தயாரிப்புத் தேதி, அதுல 0 போட்டா போதும். சி, டி, ஈ மூணும் ஹோஸ்ட் ஐடியோட கடைசி மூணு பைட். கடைசி இடமான எஃப்-ல செக்சம், அதாவது முன்னால இருக்கற 15 பைட்டையும் எக்ஸார் (பிட் பிட்டா ஒப்பிடற கணக்கு) பண்ணி வர்ற விடை. உங்களுக்கு ரெண்டு மூணு பைட்டும் ஒண்ணா இருக்கறதனால அது ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டுப் போயிரும். மிச்சம் 1, 80, 8, 20 மட்டுந்தான், விடை ஏ9. ஆக கடைசி வரி: ஏ9 எஃப் எம்கேபி.

முடிச்சதும் பேனர்-னு அடிங்க. எஃப்எஃப் போயி உங்க நம்பர் வந்தா சரி. மறுபடியும் இன்வேலிட்டுன்னா எங்கயோ ஒரு பைட் தப்பு, வரிசையா திரும்ப எழுதுங்க, ஒண்ணும் கெடாது. பேட்டரி இல்லாட்டியும் பவர் இருக்கற வரைக்கும் இந்த நம்பர் நிக்கும். ஆகையினால சிப் வர்றதுக்கு முன்னாலயே இன்னைக்கு பூட் பண்ணிறலாம். யூபிஎஸ் வழியா குடுங்க.

பூட் பண்றதுக்கு முன்னால ப்ரோப்-ஸ்கஸி. ஓடிட்டிருக்கற மெஷினை ஸ்டாப்-ஏ அடிச்சு நிறுத்தி உடனே இதைக் குடுத்தா தொங்கிரும். ஆட்டோ-பூட்டை ஃபால்ஸ் ஆக்கி, ரீசெட் பண்ணிட்டுக் குடுங்க. டார்கெட் 3 தெரிஞ்சதும் பூட் டிஸ்க்.


சென்னிமலைத்தறி எழுதியது:

வந்துருச்சுங்க! பேனர்ல நம்பர் சரியா வந்துச்சு. பூட் டிஸ்க் குடுத்தேன், சோலாரிஸ் ஏறிருச்சு. கடிகாரம் சரியில்லை, தேதியைப் பாத்து வைன்னு ஒரு எச்சரிக்கை. தேதி வெச்சுட்டேன். ரூட் பாஸ்வேர்டை சார் பிரதியிலேயே எடுத்து விட்டிருந்தாரு. டிசைன் சாஃப்ட்வேர் லைசென்ஸ் கேக்காம திறந்துச்சு. எங்கய்யனைக் கூட்டியாந்து காட்டுனேன், பார்டர் ஒவ்வொண்ணையும் பார்ட்டி பேரோட சொல்றாரு.

கீபோர்டு மாட்டி மானிட்டர்லயே பாக்கறேன். திரையும் இப்ப சீக்கிரம் வந்துருது. ஆனா ஒரு சங்கடம். வெள்ளையா இருக்க வேண்டிய இடமெல்லாம் நீலப்பச்சையா இருக்கு. செவப்பு நூல் போட்ட டிசைன் கருப்பாத் தெரியுது. ட்யூப் போச்சுங்களா?


கோபி_சால்டர் எழுதியது:

ட்யூபைச் சந்தேகப்படறதுக்கு முன்னால கேபிளைப் பாருங்க தம்பி. வெள்ளையில செவப்புப் போச்சுன்னா நீலப்பச்சைதான் மிஞ்சும். பச்சையும் நீலமும் வருது, செவப்பு மட்டும் வரலை.

அந்த 13டபிள்யூ3 கனெக்டரைக் கழட்டிப் பாத்தா மூணு தடி கோஆக்ஸ் முனை இருக்கும், செவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு. பக்கத்துல 10 சின்னப் பின். தடி முனை ஒண்ணு மத்த ரெண்டை விட ஒரு மயிரிழை உள்ள போயிருக்கும் பாருங்க. முரட்டுத்தனமா செருகுனா அப்படி ஆகும். பின்னாலிருந்து மெதுவாத் தள்ளி, கிளிப்புல உக்காற வெக்கணும். அது சரியா இருந்தும் செவப்பு வரலைன்னா ட்யூப் கழுத்துல இருக்கற சிஆர்டி போர்டுல ட்ரை சால்டர் இருக்கும், அதை என்கிட்ட கொண்டு வாங்க.

எல்சிடி மானிட்டர் மாட்டற யோசனை இருந்தா ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. சன் அனுப்பறது ஹெச்சும் வியும் சேந்த காம்போசிட் சிங்க், 5-ம் பின்ல. பல எல்சிடி அதைப் பிடிக்காது. 1152-க்கு 900, 66 ஹெர்ட்ஸ்ங்கற அளவையும் சிலது ஏத்துக்காது. எஸ்ஜிஐ, ஐபிஎம் மெஷின்லயும் இதே கனெக்டர்தான், ஆனா உள்ள வயரிங் வேற. அந்த அடாப்டரை இதுல போட்டா படம் வராது.

சிப் விசயம். புதுசு வாங்கறதா இருந்தா எம்48டி08 இல்லாட்டி எம்48டி18 வாங்கலாம், ரெண்டும் இதே சாக்கெட்டுல உக்காரும். ஆனா பழைய சரக்கைத் துடைச்சு மேல புதுத் தேதி அடிச்சு விக்கறாங்க, பேட்டரி அதுலயும் காலி. ரிச்சி ஸ்ட்ரீட்டா இருந்தாலும் ஆன்லைனா இருந்தாலும் திருப்பி எடுத்துக்குவீங்களான்னு கேட்டு வாங்குங்க. நான் செய்யற வழி, உங்க பழைய சிப்போட எபாக்ஸியைப் பேட்டரி இருக்கற முனையில மட்டும் அரத்தால தேச்சு, ரெண்டு தகட்டைக் கண்டுபிடிச்சு, செத்த பேட்டரியை வெட்டி விட்டுட்டு, 3 வோல்ட் சிஆர்2032 ஹோல்டர் வயர் வெச்சு ஒட்டறது. அடுத்த முனையில கடிகாரத்தோட க்ரிஸ்டல் இருக்கு, அந்தப் பக்கம் அரம் போகக் கூடாது. செத்த பேட்டரியைத் துண்டிக்காம புதுசை வெச்சா பழசு புதுசைத் தின்னுரும். அடுத்த தடவை பேட்டரி மட்டும் மாத்துனா போதும், சிப்பைத் தொட வேண்டாம்.


பீளமேடு_சர்வர் எழுதியது:

கோபிக்காரரு சொன்ன முறையில செஞ்ச சிப்பு என்கிட்டயும் ஓடுது. மாட்டுனதும் எம்கேபி வரிசையை மறுபடியும் முழுசா எழுதணும். கடிகாரம் நின்ன நிலையில இருக்கலாம், சோலாரிஸ்ல தேதி வெச்சாத்தான் ஓட ஆரம்பிக்கும். ஓகே ப்ராம்ப்டுல வாட்ச்-க்ளாக் அடிச்சா நொடி நகருதான்னு தெரியும். ஹோஸ்ட் ஐடியையும் ஈதர்நெட் நம்பரையும் பெட்டிக்குள்ள மூடியோட உள்பக்கம் பெயின்ட் மார்க்கர்ல எழுதி வெச்சுருங்க.


சென்னிமலைத்தறி எழுதியது:

கோஆக்ஸ் முனைதானுங்க. செவப்பு உள்ள போயிருந்துச்சு, தள்ளி விட்டேன், கிளிக்குன்னு உக்காந்துச்சு. இப்ப வெள்ளை வெள்ளையா இருக்கு. சிப்பைக் கோபிக்கு எடுத்துட்டு வர்றேங்கண்ணா.

அக்கா, டிசைனை எல்லாம் இனி பிசிக்குக் கொண்டு வரணும். ஜேபெக்கா எடுத்துக்கலாமுங்களா?


கரூர்_கிராஃப் எழுதியது:

ஜேபெக் வேண்டவே வேண்டாம் தம்பி. இந்த வேலையில ஒரு புள்ளின்னா ஒரு பாவு, ஒரு ஊடை. ஒவ்வொரு நிறமும் ஒரு நெசவுக்கு அடையாளம், அழகுக்கு வெச்ச நிறம் இல்லை. ஜேபெக் ஓரத்துல நிறத்தைக் கலக்கிரும். ஆறு நிறம் இருந்த டிசைன் நூத்துக்கணக்குல நிறமாயிரும், அப்புறம் எந்தப் புள்ளி சாட்டின், எது ட்வில்லுன்னு யாராலயும் பிரிக்க முடியாது.

சாஃப்ட்வேர்ல எக்ஸ்போர்ட் இருக்கும், அதுல டிஃப் (படக் கோப்பு வகை) குடுங்க, இன்டெக்ஸ்டு கலர்ல, அளவு மாத்தாம. நெசவுப் பட்டியலைத் தனியா அச்செடுத்து வெச்சுக்கங்க, எந்த நம்பர் நிறத்துக்கு எந்த நெசவுன்னு. டிஃப்ல அது வராது.


ஆழியாறு_பிட் எழுதியது:

அக்கா சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். ஸ்பார்க் பிக்-என்டியன், நம்ம பிசி லிட்டில்-என்டியன், அதாவது ரெண்டும் பைட்டை எதிரெதிர் வரிசையில வெக்கும். டிஃப் கோப்புத் தலையில பைட் வரிசை எழுதியிருக்கும், அதனால பிசியில சரியாத் திறக்கும். ராவ்-னு ஒரு எக்ஸ்போர்ட் இருந்தா அதை எடுக்காதீங்க, எண்கள் திரும்பி வரும். சோலாரிஸ் 2.5.1-ல எஸ்எஸ்ஹெச் இல்லை. பிசியில எஃப்டிபி சர்வர் போட்டு, பைனரி மோடு குடுத்து அனுப்புங்க. நெட்வொர்க் போர்ட் 10 மெகாபிட்தான், சாதா ஸ்விட்ச்சுல பெரும்பாலும் ஒத்துக்கும். இன்டர்நெட் இருக்கற லைன்ல மட்டும் இந்த மெஷினை மாட்டாதீங்க.


கரூர்_கிராஃப் எழுதியது:

மொதல்ல அந்தப் பார்ட்டி கேக்கற பார்டரை மட்டும் அனுப்பிச்சு, பிசியில திறந்து நிறத்தை எண்ணிப் பாருங்க. சன் திரையில எத்தனை நிறமோ அத்தனையேதான் இருக்கணும். அகலம் உங்க ஜக்கார்டு ஹூக் எண்ணிக்கையோட ஒத்துப் போகணும். ரெண்டும் ஒத்துச்சுன்னா மத்ததையும் இறக்குங்க. ஒரு நிறம் கூடிருந்தாலும் எங்கயோ அளவு மாறிருச்சுன்னு அர்த்தம், அந்தக் கோப்பை அட்டை அடிக்கக் குடுத்துறாதீங்க, என்கிட்ட ஒருக்கா காட்டுங்க.